விருப்பப் பாடம் வந்த வழி



பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த நாளில் அந்த வீட்டின் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. உறவினர் வருவர், கோயிலில் அர்ச்சனை நடக்கும், பக்கத்து வீட்டுக்கும் இனிப்புப் போகும். சில வாரம் கழித்துப் பாடங்களைப் பதிவு செய்யும் நாள் வருகிறது. பொறியியலோ கணக்கியலோ படிக்கச் சென்ற அந்தப் பிள்ளையின் முன் ஒரு பட்டியல் விரிகிறது. கட்டாயப் பாடங்களைப் பற்றிக் கவலை இல்லை. அவற்றைப் பல்கலைக்கழகமே வகுத்துவிட்டது. ஆனால், அவற்றோடு இலக்கியம், வரலாறு, தத்துவம், மொழி, இசை, சமயம் போன்ற கலைத்துறைப் பாடங்களில் சிலவற்றைத் தானே தெரிந்தெடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. இவற்றையே விருப்பப் பாடங்கள் என்கிறோம்.

எதை எடுப்பது? "எது சுலபமோ அதை எடு" என்கிறான் முன்பே படித்த அண்ணன். "வெள்ளிக்கிழமை வகுப்பில்லாத பாடமாகப் பார்" என்கிறாள் தோழி. "இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்கிறார் தந்தை. ஐந்து நிமிடத்தில் பதிவு முடிந்துவிடுகிறது.

அந்தப் பட்டியல் மாணவர் கைக்கு எப்படி வந்தது? தமக்கு வேண்டிய பாடத்தைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமையை மாணவருக்கு யார் தந்தனர்? அவ்வுரிமை வந்தபின் அதனை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினர்? இவற்றைத்தான் இன்றைய உரையில் நாம் ஆராயப் போகிறோம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் பொலோனா, பாரிஸ், ஆக்ஸ்ஃபர்டு முதலிய இடங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது, தெரிந்தெடுத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இலக்கணம், சொல்வன்மை, தருக்கம் என்பவை முதல் மூன்று கலைகள். எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்பவை அடுத்த நான்கு. இந்த ஏழு கலைகளே கல்வியின் அடித்தளம் எனப்பட்டன. கற்றவன் என்று பெயர் எடுக்க விரும்பும் எவனும் இந்த வழியாகத்தான் நடந்தாக வேண்டும் என்பது அக்காலத்தார் கொள்கை.

அமெரிக்காவில் 1636-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஹார்வர்ட் கல்லூரியும் இவ்வழியையே பின்பற்றியது. இலத்தீன், கிரேக்கம், கணிதம், தருக்கம், அறநெறித் தத்துவம் ஆகியவற்றையே மாணவர் யாவரும் படித்தனர். ஒரே வகுப்பில் உள்ள அனைவரும் ஒரே நாளில் ஒரே பகுதியை மனனம் செய்து ஆசிரியர் முன் ஒப்புவித்தனர். மருத்துவனாகப் போகிறவனுக்கும், வணிகனாகப் போகிறவனுக்கும், சமயப் போதகனாகப் போகிறவனுக்கும் பாடம் ஒன்றே.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் கட்டாயமாக இருந்தவை இலத்தீனும் கிரேக்கமும் தத்துவமும். அதாவது கலைத்துறைப் பாடங்கள். இடமின்றி வாசலில் நின்றவையே வேதியியலும் இயற்பியலும் இன்றைய மொழிகளும்! இன்றோ நிலைமை தலைகீழாகிவிட்டது. தொழிற்பாடம் நடுவீட்டில் அமர்ந்திருக்கிறது. இலக்கியமும் வரலாறும் விருப்பப் பாடமாகத் திண்ணையில் இருக்கின்றன. இந்த மாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று.

முதலில் வழி திறக்க முயன்றவர்களுள் ஜார்ஜ் டிக்னர் என்பவர் ஒருவர். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பி, ஹார்வர்டில் பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளுக்குப் பேராசிரியராக இருந்தவர். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் தாம் விரும்பிய ஆசிரியரை நாடிச் சென்று கேட்கும் உரிமை பெற்றிருந்தனர். அதைக் கண்டு வந்த டிக்னர், 1825-ஆம் ஆண்டளவில் ஹார்வர்டிலும் சீர்திருத்தம் செய்ய முற்பட்டார். ஆனால், அது அவருடைய மொழித்துறை அளவில்தான் நிலைத்தது. அதே 1825-இல் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அங்கே மாணவர்கள் தாம் பயில வேண்டிய துறையைத் தாமே தெரிந்துகொள்ளலாம் என்று விதி செய்யப்பட்டது. பழைமையை விரும்பியவர்கள் இதனை ஏற்கவில்லை. 1828-இல் யேல் கல்லூரி ஆசிரியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டு, பழைய மொழிகளே இளைஞர் மனத்தைப் பண்படுத்தும் என்று வாதாடினர். அந்த வாதமே பல்லாண்டுகள் வென்று நின்றது.

பின்னர் வந்தவர் சார்லஸ் எலியட். வேதியியல் ஆசிரியரான இவர், ஹார்வர்டில் தாம் எதிர்பார்த்த பதவி கிட்டாமற்போகவே, ஐரோப்பாவுக்குச் சென்று பிரான்சிலும் ஜெர்மனியிலும் கல்வி நடைபெறும் முறையை நேரில் கண்டறிந்தார். 1869-ஆம் ஆண்டு அதே ஹார்வர்ட் இவரைத் தலைவராக அழைத்துக்கொண்டது. அப்போது இவருக்கு வயது முப்பத்தைந்து. 1909 வரை, நாற்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

எலியட் ஒரேயடியாக எதையும் இடிக்கவில்லை. மாடியிலிருந்து படிப்படியாக இறங்குவதுபோல் கட்டாயத்தைத் தளர்த்தினார். 1872-இல் நான்காம் ஆண்டு மாணவருக்கும், 1879-இல் மூன்றாம் ஆண்டு மாணவருக்கும், 1884-இல் இரண்டாம் ஆண்டு மாணவருக்கும் கட்டாயப் பாடங்கள் நீங்கின. 1897 ஆகும்போது முதலாண்டுக் கட்டுரைப் பயிற்சி ஒன்றே கட்டாயமாக எஞ்சியிருந்தது.

இதற்கு அவர் கூறிய காரணங்கள் எளிமையானவை. அறிவுத்துறைகள் பெருகிவிட்டன, நான்கு ஆண்டுகளில் எல்லாவற்றையும் எல்லாருக்கும் கற்பிக்க இயலாது. மனிதருக்கு மனிதர் மனப்போக்கு வேறுபடும். பதினெட்டு வயது வந்தவன் தனக்கு எது பொருந்தும் என்று அறியக்கூடியவன். விருப்பமின்றி விழுங்கும் பாடம் உடம்பில் ஒட்டாது.

இதை எதிர்த்து எழுந்தவர் பிரின்ஸ்டன் கல்லூரியின் தலைவர் ஜேம்ஸ் மக்கோஷ். 1885-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியூயார்க் நகரில் எலியட்டும் மக்கோஷும் ஒரே மேடையில் வாதிட்டனர். மாணவருக்குச் சிறிதும் உரிமை கூடாது என்று மக்கோஷ் சொல்லவில்லை. அளவற்ற உரிமை தந்தால் இளைஞர்கள் கடினமானதை விட்டு எளிதானதையே நாடுவர். பெற்றோர் நம்பி அனுப்பிய பிள்ளைகளை அவ்வாறு விட்டுவிடலாகாது என்பதே அவர் கவலை.

இருவரில் யார் சொன்னது சரியாயிற்று? நேயர்களே, வரலாறு இருவருக்குமே பாதி வெற்றியைத்தான் கொடுத்தது.

எலியட்டின் பக்கம் நிற்கும் சான்றாக ஒரு மாணவரைக் குறிப்பிடலாம். 1888-ஆம் ஆண்டு ஹார்வர்டுக்கு வந்தவர் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ் என்னும் கறுப்பின இளைஞர். அடிமை முறை ஒழிந்து கால் நூற்றாண்டுகூட நிறையாத காலம் அது. விடுதியிலும் விருந்திலும் அவருக்கு இடமில்லாத அந்த ஊரில், வகுப்பறையில் மட்டும் தாம் விரும்பிய ஆசிரியரிடம் அமரும் உரிமை அவருக்கு இருந்தது. அதனை அவர் நன்கு பயன்படுத்திக்கொண்டார். வில்லியம் ஜேம்ஸிடம் தத்துவம் கேட்டார்; ஆல்பர்ட் புஷ்னல் ஹார்ட்டிடம் வரலாறு கற்றார். தத்துவத்தையே வாழ்க்கைத் துறையாகக் கொள்ள அவர் எண்ணியபோது, அதை வைத்துப் பிழைப்பது கடினம் என்று எடுத்துச் சொன்னவரும் அந்த ஜேம்ஸ்தான். "இது சோறு போடுமா?" என்ற நம் வீட்டுக் கேள்வி அங்கேயும் எழுந்திருக்கிறது, பாருங்கள்! டுபோய்ஸ் வரலாற்றையும் சமூக ஆராய்ச்சியையும் தம் துறையாகக் கொண்டார். ஆனால், தத்துவ வகுப்பில் பெற்ற கூர்மை அவரை விட்டுப் போகவில்லை. ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தை ஒடுக்கிய வரலாற்றை ஆராய்ந்து 1895-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஹார்வர்டில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பின்னாளில் தம் இனத்தின் உரிமைக்குரலாக விளங்கினார்.

மக்கோஷின் பக்கம் நிற்கும் சான்றும் உண்டு. 1898-ஆம் ஆண்டு ஹார்வர்ட் வகுப்பை ஆராய்ந்து பார்த்தபோது, மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் தொடக்க நிலைப் பாடங்களாகவே தேடித் தேடி எடுத்திருந்தது தெரியவந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என நுனிப்புல் மேய்ந்து, எத்துறையிலும் ஆழம் காணாமலே பட்டம் பெற்றனர் பலர். உரிமை இருந்தது, நோக்கம் இல்லை. டுபோய்ஸ் கையில் ஏணியாக இருந்த அதே முறை, அவர்களுக்குச் சாய்வு நாற்காலியாக ஆயிற்று.

1909-இல் எலியட்டுக்குப் பின் தலைமையேற்ற லாரன்ஸ் லோவல் இதற்கு ஒரு நடுவழி கண்டார். பட்டத்துக்கு வேண்டிய பதினாறு பாடங்களில் ஆறேனும் ஒரே துறையில் அமைய வேண்டும். இன்னும் ஆறு அதற்குப் புறம்பான துறைகளில் பரவியிருக்க வேண்டும். எஞ்சியவை மாணவர் விருப்பம். 1914-இல் பட்டம் பெற்ற வகுப்புக்கு இம்முறை முதன்முதலாகப் பொருந்தியது. ஒன்றில் ஆழம், பலவற்றில் அகலம் என்பதே இதன் சாரம். இன்று உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள், கலைத்துறைப் பாடம் சிலவற்றைப் பிற துறையினரும் எடுக்க வேண்டும் என்று விதிப்பதற்கு இதுவே முன்மாதிரி எனலாம்.

முதல் உலகப்போர் முடிந்ததும் 1919-இல் கொலம்பியா கல்லூரி மற்றொரு வழியைக் காட்டியது. தற்கால நாகரிகம் பற்றிய ஒரு பாடத்தை மாணவர் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. இவ்வளவு பெரிய அழிவு ஏன் வந்தது என்று சிந்திக்காமல் எவரும் பட்டம் பெற்றுச் செல்லலாகாது என்ற எண்ணம் அதில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-இல் ஹார்வர்டும் பொதுக்கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவிலும் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு, 1949-இல் தந்த அறிக்கையில் பொதுக்கல்வியின் தேவையை வற்புறுத்தியது. மாறாக, 1969-இல் பிரவுன் பல்கலைக்கழகம் பொதுக் கட்டாயங்களை நீக்கி மீண்டும் மாணவர் விருப்பத்துக்கே விட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ, பொறியியலும் அறிவியலும் பயிலும் தன் மாணவர் யாவரும் கலை, சமூகவியல் துறைகளில் எட்டுப் பாடம் முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. இயந்திரம் செய்பவனும் மனிதரைப் பற்றிப் படித்தாக வேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இதுவரை நாம் பேசியது கடல்கடந்த நாட்டுக் கதை. எதைத் தெரிந்தெடுப்பது என்பதே அங்கு எழுந்த கேள்வி. நம் நாட்டில் அதற்கும் முந்திய ஒரு கேள்வி எழுந்தது. பட்டியலில் இல்லாத பாடத்தை யார் தெரிந்தெடுக்க முடியும்?

சிங்கப்பூரில் இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் ஒன்றிணைந்து, 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. இந்நாட்டு மக்கள் யாவருக்கும் உரிய உயர்கல்விக் கூடமாக அது அமைந்தது. ஆனால், அன்று அதன் பாடப்பட்டியலில் தமிழ் இல்லை. ரப்பர் தோட்டங்களிலும், இரயில் பாதையிலும், துறைமுகத்திலும் உழைத்த மக்களின் மொழிக்கு அங்கே இருக்கை இல்லை. பின்னர் இந்திய இயல் துறை ஒன்று அமைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போதும் அதில் முதன்மை பெற வேண்டியது எந்த மொழி என்ற வாதம் மூண்டது. சமஸ்கிருதமே உரியது என்றனர் ஒருசாரார். இந்நாட்டில் வாழும் இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஆகவே தமிழே உரியது என்றனர் மறுசாரார்.

1935-இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி இதனை மக்களிடம் கொண்டு சென்றார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கம் நடந்தது. கடைக்காரரும், ஆசிரியரும், தோட்டத் தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். அவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்பர்? தாம் நுழைய முடியாத ஒரு வகுப்பறையில், தாம் அறியாத ஏதோ ஒரு பிள்ளை, தம் மொழியைப் பாடமாகத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் கொடுத்தார்கள்.

1956-இல் இந்திய இயல் துறை தொடங்கப்பட்டது; தமிழ் அங்கே இடம்பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1962-இல் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்து, மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரிலும் தனித்தனியே இயங்கலாயின. 1961 முதல் இந்திய இயல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகளார் அதன் புகழை உலகறியச் செய்தார். 1966-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது என்றால், அதற்குப் பின்னே இந்த ஓர் இருக்கை இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. இன்று சிங்கப்பூரிலும் தமிழ் மொழி, இலக்கியத்தைப் பட்டப்படிப்பாகப் பயிலச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வாய்ப்பு உண்டு.

ஆனால், ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பாடத்துக்கு இடம் பெற்றுத் தருவது முன்னோர் செய்யக்கூடியது. அந்த இடத்தைக் காப்பது மாணவர்தாம் செய்யக்கூடியது. விருப்பப் பாடம் என்ற முறையின் கண்டிப்பே அதுதான். கட்டாயம் நீங்கிய பின் கிரேக்கமும் இலத்தீனும் மாணவரைத் தேடி நிற்க வேண்டியதாயிற்று. விரும்புவோர் குறைந்தால் வகுப்பு சுருங்கும். வகுப்பு சுருங்கினால் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்தால் பாடம் பட்டியலிலிருந்தே மறையும். தமிழுக்கும் இவ்விதி விலக்கன்று. வரலாற்றுக்கும் தத்துவத்துக்கும் விலக்கன்று.

ஆகவே, பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் மாணவ மணிகளுக்கு, இந்த வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துத் தர விரும்புகிறோம்.

முதலாவது: இந்தப் பாடம் மற்றொன்றுக்கு வழி காட்டுமா? 1898-ஆம் ஆண்டு மாணவர் செய்த தவறு கலைத்துறைப் பாடம் எடுத்ததன்று. ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாமல் எடுத்ததே. முதல் பருவத்தில் தென்கிழக்காசிய வரலாறு எடுத்தவர், அடுத்த பருவத்தில் அவ்வட்டாரத்துச் சமயங்களையோ இலக்கியத்தையோ எடுப்பாராயின், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒளி கொடுக்கும்.

இரண்டாவது: யார் கற்பிக்கிறார்? டுபோய்ஸ் பாடத்தின் பெயரை மட்டும் பார்க்கவில்லை; ஆசிரியரைத் தேடிச் சென்றார். முன்பு படித்தவரிடம் "சுலபமா?" என்று கேட்பதை விட்டு, "அந்த ஆசிரியரிடம் என்ன கற்றாய்?" என்று கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் விடையே வேறாக இருக்கும்.

மூன்றாவது: என் தொழிற்பாடம் காட்டாத எதை இது காட்டும்? மருத்துவம் படிப்பவருக்கு நோயாளியின் மொழியும் பண்பாடும் தெரிவது வீண் போகாது. சட்டம் படிப்பவருக்குத் தருக்கம் துணையாகும். பாலம் கட்டப் போகிறவருக்கு, அந்தப் பாலத்தால் பெயர்க்கப்படும் ஊரின் வரலாறு தெரிந்திருந்தால் நன்று.

பெற்றோருக்கும் ஒரு சொல். "இது சோறு போடுமா?" என்ற கேள்வியை நாம் குறைகூறவில்லை. கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்க வைப்பவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். பேராசிரியர் ஜேம்ஸும் அதைக் கேட்டார். ஆனால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கட்டாயப் பாடங்கள் இருக்கின்றன. எஞ்சிய இரண்டு மூன்று பாடங்களையாவது, பிள்ளை தன் அறிவுப் பசிக்காக எடுத்துக்கொள்ள விடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து போடட்டும், ஆனால் அந்த அளவுகோல் சுலபம் என்பதாக இருக்க வேண்டாம்.

அடுத்த முறை அந்தப் பட்டியல் உங்கள் வீட்டுப் பிள்ளையின் முன் விரியும்போது, ஐந்து நிமிடத்துக்குப் பதில் ஒரு மாலைப் பொழுதை அதற்கென ஒதுக்குங்கள். குடும்பத்தோடு அமர்ந்து ஒவ்வொரு பாடத்தின் விளக்கத்தையும் படித்துப் பாருங்கள். அதில் தமிழ் என்ற பெயர் தென்பட்டால், தோட்டத்தில் உழைத்த கை ஒன்று தன் கூலியில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பிள்ளை எதைத் தெரிந்தெடுத்தாலும், தெரிந்தே எடுத்ததாக இருக்கும்.